கொல்லையில் ஒரு குட்டை

மழை விட்டு வெயில் அடிக்கும் பகலில், நிறுத்தி வைத்திருக்கும் காரின் மேல் தட்டான் ஒன்று வந்து வாலின் நுனியால் தகட்டைத் தொட்டுத் தொட்டு எழுவதைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டாக அது அப்படிச் செய்வதில்லை. பெண் தட்டான் அங்கே முட்டையிடுகிறது. தகட்டின் சூட்டில் அந்த முட்டைகள் சிறிது நேரத்தில் வற்றிச் செத்துவிடும்.

தட்டான் ஏமாந்ததற்குக் காரணம் ஒளி. அசையாத தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் அலைகள் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கின்றன. இயற்பியல் பாடத்தில் இதைத் தளவிளைவு என்று படித்திருப்போம். நம் கண்ணால் இந்த வேறுபாட்டைப் பிரித்தறிய முடியாது, தட்டானின் கண்ணால் முடியும். தண்ணீரைத் தேடிப் பறக்கும்போது அது பார்ப்பது இந்தக் கிடைமட்ட ஒளியைத்தான். பளபளக்கும் கறுப்புப் பரப்பு எதுவானாலும், தண்ணீரைவிடவும் வலுவாக இதே ஒளியை வீசும். ஹங்கேரி நாட்டின் காபோர் ஹோர்வாத்தும் அவரது குழுவினரும் சோதித்துப் பார்த்து, பக்கத்தில் தண்ணீர் இருந்தும் தட்டான்கள் கச்சா எண்ணெயையே அதிகம் நாடி வருகின்றன என்று 1998இல் எழுதினார்கள். வயல்களில் விரிக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டும் நீர்ப்பூச்சிகளை இப்படியே ஏய்க்கிறது என்பது பிறகு தெரிய வந்தது.

தோட்டத்தில் குட்டை அமைக்க நாம் விரிக்கப்போவதும் அதே கறுப்பு ஷீட்டுதான். அதனால் இந்த வேலையில் ஓர் ஒழுங்கு தேவை. குழி வெட்டுவதை எத்தனை நாள் இழுத்தாலும் கெடுதி இல்லை. ஷீட்டை விரிக்கும் நாளிலேயே தண்ணீரை விட்டுவிட வேண்டும். வெறும் ஷீட்டு ஒரு வாரம் வெயிலில் கிடந்தால், அந்த ஒரு வாரமும் நம் தோட்டம் பூச்சிகளுக்குப் பொறி.

இவ்வளவு சின்னக் குட்டையால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. தென் இங்கிலாந்தின் ஒரு விவசாயப் பகுதியில் ஆறு, ஓடை, வாய்க்கால், குட்டை நான்கிலும் உள்ள உயிர்களை ஒப்பிட்ட ஆய்வு 2004இல் வெளியானது. எல்லாக் குட்டைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, மிக அதிக வகை உயிர்கள் அவற்றில்தான் இருந்தன. அரியவையும் அங்கேதான் மிகுதி. பெரிய நீர்நிலையில் தண்ணீர் ஒரே தன்மையோடு இருக்கும். குட்டைகள் அப்படியில்லை. ஒன்று நிழலில் இருக்கும், இன்னொன்று வெயிலில். ஒன்று வற்றும், மற்றொன்று வற்றாது. ஒவ்வொன்றும் வேறு வேறு உயிருக்கு வசதியாக அமைகிறது. நம் ஊர்களில் ஏரிக்காகக் குரல் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். மனைக்கு நடுவே இருந்த குட்டையைக் கட்டட இடிபாடு கொட்டித் தூர்த்தால் யாரும் கேட்பதில்லை. அந்த இழப்பில் ஒரு சிறு பங்கை வீட்டுத் தோட்டத்தில் ஈடு செய்ய முடியும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஆனால் கடப்பாரையை எடுத்ததுமே பக்கத்து வீட்டிலிருந்து கேள்வி வரும்: "என்னங்க, டெங்கு காலத்துல போய்த் தண்ணியைத் தேக்குறீங்களே?" நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாக் கொசுவும் எல்லாத் தண்ணீரிலும் வளர்வதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு டிரம், டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு, கொட்டாங்கச்சி, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு போன்ற சின்னச் சின்னக் கலங்களை நாடும். தண்ணீருக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் முட்டையிடும். காய்ந்தாலும் பல மாதம் தாக்குப்பிடிக்கும் முட்டை அது. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டெஃபன்சி மேல்நிலைத் தொட்டி, கிணறு, கட்டட வேலைக்குத் தேக்கிய தண்ணீர் ஆகியவற்றில் வளரும். இரவில் நம்மைத் தூங்க விடாத கியூலெக்ஸ் வளர்வது பெரும்பாலும் சாக்கடையில். இந்த இடங்கள் எல்லாவற்றிலும் கொசுப்புழுவைத் தின்ன ஆள் இல்லை, அல்லது மிகக் குறைவு. டிரம்முக்குள் வேட்டைப் பூச்சிகள் நிலைப்பதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும். சாக்கடையிலோ ஆக்சிஜன் இல்லாமல் அவற்றில் பல செத்துவிடும். கொசுப்புழுவோ மேற்பரப்புக்கு வந்து குழல் வழியே காற்றை இழுத்துப் பிழைத்துக்கொள்ளும்.

நல்ல குட்டையில் நிலைமை வேறு. முதுகு கீழாகக் கிடந்து நீந்தும் பூச்சிகளும் நீர் வண்டுகளும் பறந்தே வந்து சேர்கின்றன. யாரும் கொண்டுவந்து விட வேண்டியதில்லை. அவற்றை அடுத்துத் தட்டானின் இளம்புழு வளர்ந்து வரும். பறக்கும் தட்டானை எல்லோருக்கும் தெரியும், தண்ணீருக்கு அடியில் அது வாழும் வாழ்க்கையைப் பார்த்தவர்கள் குறைவு. சேற்று நிறத்தில், ஆறு கால்களோடு, அசையாமல் பதுங்கியிருக்கும். அதன் கீழுதடு மடித்து வைத்த கை போன்ற அமைப்பு. நுனியில் கொக்கிகள் உண்டு. இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் உதடு சட்டென்று நீண்டு பிடித்து வாய்க்கு இழுத்துவிடும். மூச்சு விடுவது ஆசனவாய்க்குள் இருக்கும் செவுள்களால். அங்கே இழுத்த தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் உடல் முன்னால் பாயும். மூச்சுக்கும் ஓட்டத்துக்கும் ஒரே உறுப்பு!

இந்த வேட்டையாடியைக் கொண்டு டெங்குக் கொசுவைக் கட்டுப்படுத்த முடியுமா என்று மியன்மாரின் யாங்கோன் நகரில் சோதித்துப் பார்த்தார்கள். தட்டான் ஆராய்ச்சியில் பெரிய பெயரான ஃபிலிப் கார்பெட்டும் அந்தக் குழுவில் ஒருவர். குடியிருப்பு மக்களின் ஒத்துழைப்போடு, வீடுகளில் தண்ணீர் சேர்த்து வைக்கும் கலங்களில் குரோக்கோதெமிஸ் செர்விலியா என்ற தட்டானின் இளம்புழுக்களை விட்டார்கள். சில வாரங்களில் ஏடிஸ் கொசுப்புழுக்கள் பெருமளவு அற்றுப்போயின; சற்றுப் பின்னால் பறக்கும் கொசுவும் குறைந்தது. முடிவு 1990இல் வெளியானது. அந்தத் தட்டான் நமக்கு அயல் உயிர் அல்ல. தமிழ்நாட்டு வாய்க்கால் ஓரங்களில் இரத்தச் சிவப்பாக உட்கார்ந்திருக்கும் ஆண் தட்டான்களில் அதுவும் ஒன்று.

இதில் காலக்கணக்கு முக்கியம். நம் வெயிலில் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். தட்டானுக்குப் பல வாரங்கள் வேண்டும், சில வகைகளுக்கு மாதங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிக் கழுவு என்று சுகாதாரத் துறை சொல்வது டிரம்முக்கும் தொட்டிக்கும் மிகச் சரியான அறிவுரை. குட்டைக்கு அதையே செய்தால் அழிவது காவல்தான். கழுவி நிரப்பிய மறுநாள் கொசு மீண்டும் வந்து முட்டையிடும், தட்டானோ முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடிக்கடி சுத்தம் செய்யும் குட்டையே கொசுக்குட்டை ஆகிறது.

புதுக்குட்டையின் முதல் சில வாரங்களில் இந்தக் காவல் இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்போது பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து கைகொடுக்கும். 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்த நுண்ணுயிர் அது. புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி மையமும் அதில் ஒரு வகையை உருவாக்கியிருக்கிறது. அதன் படிகப் புரதம் கொசுப்புழுவின் காரத்தன்மை மிகுந்த குடலில் கரைந்து நஞ்சாகிறது. தலைப்பிரட்டைக்கும் தட்டான் புழுவுக்கும் அதனால் தீங்கில்லை. கெரசின் ஊற்றுவதும் பூச்சிமருந்து தெளிப்பதும் அப்படியல்ல, வேட்டையாடிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

மீன் விட்டால் என்ன? பலரும் உடனே செய்வது இதைத்தான், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கொசுவை ஒழிக்கப் பரிந்துரைக்கும் கம்பூசியா மீன் அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்தது; 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. கொசுப்புழுவைத் தின்பது உண்மை. அதோடு தவளையின் தலைப்பிரட்டை, தட்டானின் இளம்புழு, நீர்ப்பூச்சி என்று வாய்க்கு எட்டியதையெல்லாம் தின்னும். மழை வெள்ளத்தில் குட்டை வழிந்தால் வாய்க்காலுக்கும் போய்ச் சேரும். கிணற்றையும் தொட்டியையும் பற்றி வேறு கருத்து இருக்கலாம். உயிர்களுக்காக வெட்டிய குட்டையில் மீனே இல்லாமல் இருப்பதுதான் நல்லது. மழையில் நிறைந்து கோடையில் சுருங்கும் மீனற்ற குட்டைகளுக்கென்றே பழகிய உயிர்கள் ஏராளம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூட்டம் கூட்டமாகத் திரியும் மஞ்சள் தட்டான் அவற்றில் ஒன்று. அது இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். கடல் தாண்டும் அந்தப் பூச்சியின் இளமை சில வாரத் தண்ணீரில் கழிந்துவிடுகிறது.

குழி வெட்டும் வேலைக்கு வருவோம். நாளில் நாலைந்து மணி நேரம் வெயில் விழும் இடம் நல்லது. மரத்தடியைத் தவிர்க்க வேண்டும். வேர் ஷீட்டைத் துளைக்கும், இலை விழுந்து அழுகும். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, ஆழமான இடத்தில் 2 அடி என்று வைத்துக்கொள்வோம். குளிர்நாடுகளில் ஒரு அடி ஆழமே போதும் என்பார்கள். நம் மே மாதத்தில் ஒரு அடித் தண்ணீர் மாலைக்குள் வெந்நீராகிவிடும். நடுவில் ஆழம் வேண்டும், ஆனால் எல்லாப் பக்கமும் செங்குத்தாக இறங்கக் கூடாது. நீளவாக்கில் ஒரு பக்கம் மூன்று அடிக்கு ஒரு அடி இறங்கும் சரிவு அவசியம். நீர்வாழ் உயிர்கள் மிகுதியாக இருப்பது ஓரத்து நாலு விரல் ஆழத் தண்ணீரில்தான். தண்ணீர் குடிக்க வந்து தவறி விழும் அணிலும் ஓணானும் கரையேறுவதும் அந்தச் சரிவு வழியேதான். ஈரமான பிளாஸ்டிக் சுவரில் அவற்றால் ஏற முடியாது. நீந்தி நீந்திக் களைத்து மூழ்கிவிடும்.

கரை நாலாபுறமும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் பார்த்துவிடலாம். ஒரு பக்கம் இரண்டு விரல் தாழ்ந்தால் குட்டை முழுவதும் அந்த அளவுக்குத்தான் நிறையும், எதிர்ப்பக்கத்தில் ஷீட்டு வெளியே தெரிந்து வெயிலில் நொறுங்கும். கல், கண்ணாடித் துண்டு, வேர் எல்லாவற்றையும் பொறுக்கிய பிறகு குழியில் பழைய போர்வை, சாக்கு, தேர்தல் முடிந்து கிடக்கும் ஃபிளெக்ஸ் பேனர் என்று ஏதாவது ஒன்றை மெத்தையாகப் போட்டு, அதன் மேல் ஷீட்டை விரிக்க வேண்டும்.

ஷீட்டின் அளவுக்கு எளிய கணக்கு: நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கு, கரையில் மடிக்கப் பக்கத்துக்கு ஒரு அடி. நம் குட்டைக்கு 10 + 4 + 2, அதாவது 16 அடி நீளம்; 6 + 4 + 2, அதாவது 12 அடி அகலம். அசோலா வளர்க்க எல்லோரும் வாங்கும் சில்பாலின் ஷீட்டு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் வெயில் பட்ட இடத்தில் சீக்கிரம் வெடிக்கும். பண்ணைக்குட்டைகளுக்குப் போடும் 500 மைக்ரான் ஜியோமெம்பிரேன் கொஞ்சம் விறைப்பானது, ஆயுள் அதிகம். ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் ஷீட்டு குழியின் வளைவுகளுக்கு நன்றாக மடங்கிக் கொடுக்கும், விலைதான் கூட. எதை வாங்கினாலும் அதைக் கெடுப்பது முக்கியமாகப் புற ஊதாக் கதிர். தண்ணீர் மட்டத்துக்கு மேல் தெரியும் பகுதியைக் கல்லாலோ மண்ணாலோ மூடிவிட்டால் ஆயுள் பெருகும்.

வெயிலைத் தவிர வேறு எதிரிகளும் இருக்கிறார்கள். பெருச்சாளி கீழிருந்து வளை தோண்டும். கோரைக்கிழங்கின் முளை ஊசியாக வளர்ந்து பிளாஸ்டிக்கைத் துளைத்து மேலே வந்துவிடும். மல்ச்சிங் ஷீட்டு போட்ட விவசாயிகள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை தெரியும். குழியிலும் சுற்றிலும் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுக்காமல் ஷீட்டு விரிப்பது வீண் செலவு. சம்பு நடவும் கூடாது, அதன் வேர்த்தண்டும் கூரானது. சென்னை போன்ற இடங்களில் நவம்பரில் நிலத்தடி நீர் காலடி வரை ஏறிவரும். அப்போது குட்டை காலியாக இருந்தால் கீழ்த்தண்ணீர் ஷீட்டை மேலே தூக்கிவிடும். மழைக்காலத்தில் குட்டையை இறைப்பது இந்தக் காரணத்தாலும் தவறு.

முதல் நிரப்பலுக்கு மழைத் தண்ணீரே சிறந்தது. மொட்டை மாடியிலிருந்து பிடிப்பதானால் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். இரண்டு நாள் திறந்த டிரம்மில் வைத்திருந்து விடலாம். தோட்டத்து உரமண்ணை உள்ளே போட வேண்டாம். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் கரைந்து ஒரே மாதத்தில் தண்ணீர் பச்சைக் கூழாகும். கழுவிய மணலும் கூழாங்கல்லும் போதும்.

நீர் குறைவதைப் பார்த்து ஷீட்டு ஓட்டை என்று பதறுபவர்கள் பலர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு லிட்டர். கோடையில் நாளுக்கு 6, 7 மில்லிமீட்டர் ஆவியாவது இயல்பு. நம் குட்டையின் பரப்பு ஐந்தரைச் சதுர மீட்டர். ஆக நாளொன்றுக்கு 40 லிட்டர் வரை, ஏறக்குறைய மூன்று குடம், வானத்துக்குப் போகிறது. சந்தேகம் தீராவிட்டால் ஒரு பக்கெட்டைக் குட்டையின் ஆழம் குறைந்த பகுதியில் நிறுத்தி, உள்ளும் வெளியும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் வைத்துச் சில நாள் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இறங்கினால் வெயில். குட்டை மட்டும் வேகமாக இறங்கினால் கசிவு. கரைப் புல் ஷீட்டைத் தாண்டித் தண்ணீரைத் தொட்டிருந்தாலும் திரிபோல உறிஞ்சி வெளியேற்றும். முதலில் அதைப் பாருங்கள்.

வெயில் இன்னொரு வகையிலும் கெடுதல் செய்கிறது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும்; 35 டிகிரியில் 7 மில்லிகிராம்கூட நிற்காது. பகலில் செடிகள் ஆக்சிஜன் தருகின்றன, இரவில் அவையும் மூச்சுவிடுகின்றன. அதனால் விடியும் நேரமே குட்டைக்கு நெருக்கடியான நேரம். அல்லி இலைகள் பரப்பில் பாதியை மூடியிருந்தால் சூடு தணியும். அடியில் வேலம்பாசி, ஓரத்தில் நீர்ப்பிரமி, வல்லாரை, ஆரை, பொன்னாங்கண்ணி. எல்லாம் நம் வரப்போரத்துச் செடிகள். தட்டான் புழு சிறகு விரிக்கத் தண்ணீரை விட்டு ஏறிவர ஒரு தண்டு வேண்டும்; நாலு குச்சி நட்டு வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். ஆகாயத்தாமரையை மட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் விடாதீர்கள். மான்சோனியா என்ற கொசுவின் புழு அதன் வேரில் குழலைக் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றையே சுவாசிக்கும். மேலே வராததால் வேட்டையாடிகளிடம் எளிதில் சிக்காது. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோயைப் பரப்பியது இந்தக் கொசு. புதுச்சேரி கொசு ஆராய்ச்சி மையத்தினர் அங்கே மக்களைத் திரட்டி அந்தச் செடியை அள்ளியது அவர்களது தடுப்புப் பணியின் முக்கியப் பகுதி.

ஐப்பசி மழையில் தவளைகள் வரும். பெரிய தவளை இனத்தில் ஆண் அப்போது எலுமிச்சை மஞ்சளாக மாறி, நீலப் பைகளை ஊதிக் கத்தும். மரத்தவளை தண்ணீருக்கு மேலே இலையிலோ சுவரிலோ வெள்ளை நுரைக்கூடு கட்டி அதற்குள் முட்டையிடும். தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் சொட்டும். அழுக்கு என்று நினைத்து அந்த நுரையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுபவர்கள் உண்டு. வீட்டு வேலைக்கு வருபவரிடம் முன்னாலேயே சொல்லி வைப்பது நல்லது.

தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும், அதையும் மறைக்க வேண்டியதில்லை. குட்டைக்கு வருவது பெரும்பாலும் தண்ணீர்ப்பாம்பு. சீறும், கடிக்கவும் செய்யும், நஞ்சு கிடையாது. ஆனாலும் கரையைச் சுற்றிக் கல்லையும் விறகையும் வீட்டு வாசல் வரை குவிக்காமல், நடமாடும் பக்கத்தைத் திறந்த வெளியாக விட்டு, இரவில் விளக்கோடு போவதே முறை. தவழும், தத்தித் தத்தி நடக்கும் குழந்தை உள்ள வீட்டில் இன்னும் கண்டிப்பு வேண்டும். அரையடித் தண்ணீரும் அந்த வயதில் ஆபத்து. பூட்டும் கதவோடு வேலி போட முடிந்தால் குட்டை வெட்டுங்கள். இல்லையென்றால் குழந்தை வளரும் வரை தள்ளிப்போடுங்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. விழுந்த இலை மூழ்குவதற்கு முன் வலையால் அள்ளுவது, இழைப்பாசியைக் குச்சியில் சுற்றி எடுப்பது. எடுத்த பாசியை உடனே குப்பையில் கொட்டாமல் ஓர் இரவு கரையிலேயே வைத்தால் அதில் சிக்கிய உயிர்கள் தண்ணீருக்குத் திரும்பிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, தண்ணீர் இறங்கியிருக்கும் ஆடி மாதவாக்கில் செடியில் மூன்றில் ஒரு பங்கையும் சேற்றில் பாதியையும் எடுங்கள். மீதியை அடுத்த ஆண்டுக்கு விடுங்கள், அந்தச் சேற்றில்தான் அடுத்த பருவத்துக்கான உயிர்கள் இருக்கின்றன. கொசு ஆய்வுக்கு மாநகராட்சி ஊழியர் வந்தால் வெள்ளைக் கிண்ணத்தில் குட்டைத் தண்ணீரை மொண்டு காட்டுங்கள். தட்டான் புழு இருக்கிறதா, கொசுப்புழு இருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறகு இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிவந்து, பூந்தொட்டித் தட்டுகளையும் பழைய டயரையும் கவிழ்த்து வையுங்கள்.